லினக்ஸில் ஆர்க்கா: எல்லையோரத்திலிருந்து வரும் கேள்விகள்

எனக்குக் கண் தெரியாது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் எல்லா வேலையும் செய்கிறேன் என்று எப்படியோ நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இனிமேல் போனில் பாதியும் இங்கே மீதியுமாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதி வைக்கிறேன்.

ஸ்க்ரீன் ரீடர் என்றால் என்ன? ஆர்க்கா என்பது எது?

திரையில் இருப்பதைக் குரலாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர், திரைவாசிப்பான். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அந்த வேலையைச் செய்வது ஆர்க்கா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் இது. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்று க்னோம். 2006-ல் வந்த க்னோம் 2.16-லிருந்து க்னோமோடு சேர்ந்தே வருகிறது. காசு கிடையாது. உபுண்டு, உபுண்டு மேட் போன்ற லினக்ஸ் வகைகளில் ஏற்கெனவே உள்ளே இருக்கும், எழுப்பினால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கா வேறு, குரல் வேறு. என்ன சொல்வது என்று தீர்மானிப்பது ஆர்க்கா. அதை வாயால் சொல்வது ஈஸ்பீக் என்ஜி போன்ற பேச்சுப்பொறி. இரண்டுக்கும் நடுவே தூது போவது ஸ்பீச் டிஸ்பேச்சர். "ஆர்க்கா கெட்டுப்போச்சு" என்று எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் ஆர்க்கா நன்றாகத்தான் இருக்கும், கோளாறு மற்ற இரண்டில் ஒன்றிலோ சவுண்டிலோ இருக்கும்.

விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசமாகவே இருக்கிறதே, எதற்கு லினக்ஸ்?

நியாயமான கேள்வி. உங்களிடம் நன்றாக ஓடும் விண்டோஸ் லேப்டாப் இருந்து, என்விடிஏ பழகியும் விட்டது என்றால் அவசரப்பட்டு மாற வேண்டாம். மாறச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸைத் தவிர்க்க முடியாது. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடத்தில் இருப்பது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017-ல் கைட் என்று பெயர் மாறிய அமைப்பு தருவது அது. தமிழ் மீடியத்தில் படித்தாலும் இதே கணினிதான். வீட்டில் விண்டோஸ், பள்ளியில் லினக்ஸ் என்று இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டு தடுமாறுவதைவிட, ஒன்றையே இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது பிள்ளைக்கு எளிது. இன்னொரு காரணம் பழைய லேப்டாப். 4 ஜிபி ரேமில் மேட் டெஸ்க்டாப்பும் ஆர்க்காவும் தாராளமாக ஓடும்.

எந்த லினக்ஸைப் போடுவது?

முதல் முறை என்றால் உபுண்டு மேட். மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழைய பாணியில் இருப்பதால் மனதில் படம் போட்டுக்கொள்வது சுலபம். அதையே அடிப்படையாக வைத்து, பார்வையற்றவர்களுக்கென்றே கேரளத்தில் உருவானது அக்சஸிபிள் கோகனட். ஸென்டலோனா என்ற குழுவின் ஆக்கம். நமக்குத் தேவையான பல கருவிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை, தொடங்குகிறவருக்கு உண்மையிலேயே வேலை மிச்சம்.

கண் தெரிந்தவர் துணையில்லாமல் நானே நிறுவ முடியுமா?

முக்கால்வாசி முடியும். அந்தக் கால்வாசி எது என்றும் சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்ப, ஆன் செய்தவுடன் எஃப் 12 அல்லது எஃப் 9 மாதிரி ஒரு விசையைத் தட்டி, வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். அந்தப் பட்டியல் பேசாது, எந்த ஆர்க்காவும் அங்கே எட்டாது. அங்கே ஒரு ஜோடிக் கண் வேண்டும். வீட்டில் யாரும் இல்லையென்றால் போனில் பீ மை ஐஸ் செயலியைத் திறந்து, கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்து, மறுமுனையில் வரும் தன்னார்வலரைப் படிக்கச் சொல்லலாம். கீழ்நோக்கு அம்புக்குறியை எத்தனை தடவை தட்டினால் பென்டிரைவ் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் அடுத்த முறை யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. என் லேப்டாப்புக்கு அந்த எண் 3.

அதற்குப் பிறகு வழி இரண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகை என்றால், கிளம்பியதும் பீப் என்று ஒரு சத்தம் வரும். கேட்டவுடன் எஸ் விசையைத் தட்டி எண்டர் கொடுங்கள். நிறுவும் நிரலே பேசத் தொடங்கும், கேள்விக்குப் பதிலாக எண்ணை அடித்து எண்டர், அடித்து எண்டர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். 2011-ல் வந்த டெபியன் 6-லிருந்தே இந்த வசதி உண்டு. இன்றைக்கும் எனக்கு அதிக நம்பிக்கை இதன்மேல்தான். உபுண்டு மேட் என்றால், டெஸ்க்டாப் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சூப்பர் என்பது விண்டோஸ் படம் போட்ட விசை, கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் இருக்கும். நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சவுண்ட், வைஃபை இரண்டும் சரியாக வந்தால் நிறுவுங்கள்.

வட்டை அழிக்கட்டுமா என்று நிரல் கேட்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய கோப்புகள் வேண்டுமென்றால் முதலிலேயே வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

சத்தமே வரவில்லையே?

போன மாதம் எருத்தேன்பதியிலிருந்து ஒரு தம்பி. "ஏனுங்ணா, நேத்து வரைக்கும் நல்லாப் பேசுச்சுங்ணா, இன்னைக்குக் கம்முனு கிடக்குதுங்ணா." ஆர்க்காவை மூன்று தடவை நிறுத்தி எழுப்பியாயிற்று, கணினியை மறுதொடக்கமும் செய்தாயிற்று. கிரிக்கெட் பார்க்க அவனுடைய அப்பா முதல் நாள் இரவு லேப்டாப்பை டிவியில் கேபிள் போட்டு இணைத்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் டிவியை மியூட் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார், கேபிள் அப்படியே இருந்திருக்கிறது. ஆர்க்கா ராத்திரி முழுக்க டிவிக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் லேப்டாப் பேசியது.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள். டிவி, மானிட்டர் கேபிளைக் கழற்றுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர், இயர்போன் எங்கேயாவது இணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஒலியைக் கூட்டும் விசையை ஏழெட்டு தடவை தட்டுங்கள். கம்பி வைத்த இயர்போன் ஒன்றைச் செருகிப் பாருங்கள், ஸ்பீக்கரில் இல்லாத சத்தம் சில சமயம் அதில் வரும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆர்க்கா. ஆல்ட், எஃப் 2 சேர்த்து அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும். அதில் ஓ, ஆர், சி, ஏ என்று நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளை அடித்து எண்டர். அப்போதும் பேசவில்லையென்றால் அதே நான்கு எழுத்து, ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, இடைவெளி விடாமல் ரீப்ளேஸ் என்ற ஆங்கிலச் சொல், எண்டர். தொங்கிக் கிடக்கும் பழைய ஆர்க்காவைத் தள்ளிவிட்டுப் புதியது எழும்.

கை தவறி கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அழுத்திவிட்டாலும் திடீர் மௌனம் வரும். நீங்கள் எழுத்து மட்டும் இருக்கும் கருப்புத் திரைக்குப் போயிருப்பீர்கள். ஆர்க்கா அங்கே வராது, அந்த இடத்துக்கு ஸ்பீக்கப் என்று வேறு ஒன்று உண்டு. எஃப் 3-க்குப் பதிலாக எஃப் 7, எஃப் 2, எஃப் 1 என்று மாற்றி மாற்றி அழுத்தினால் திரும்பி வந்துவிடலாம்.

பேசத் தொடங்கிவிட்டது. முதல் நாள் என்ன பழகுவது?

ஆர்க்கா விசை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தனி நம்பர் பேட் உள்ள கீபோர்டில் இன்சர்ட், லேப்டாப் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் காப்ஸ் லாக். இந்த விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டுவதுதான் எல்லாக் கட்டளையும்.

ஆர்க்கா விசையோடு ஹெச். இது கற்றல் நிலை. இதற்குள் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் அது செய்யும் வேலையையும் சொல்லும், வேலையைச் செய்யாது. எஸ்கேப் அடித்தால் வெளியே வரலாம். முதல் நாள் முழுக்க இதற்குள்ளேயே கிடங்கள். என்னிடம் கேட்டுக் கற்றதைவிட இதில் தடவிக் கற்றவர்கள்தான் வேகமாக முன்னேறியிருக்கிறார்கள்.

ஆர்க்கா விசையோடு ஸ்பேஸ் அடித்தால் விருப்ப அமைப்புகள் திறக்கும். வேகம் 50-ல் இருக்கும். ஒரு வாரம் அப்படியே விட்டு, பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். பேச்சை நடுவில் நிறுத்தக் கண்ட்ரோலைத் தட்டினால் போதும்.

திரையை வரிவரியாகத் தடவ நம்பர் பேடில் 7, 8, 9: முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி. 4, 5, 6 சொல்லுக்கு. 1, 2, 3 எழுத்துக்கு. நம் லாக் (Num Lock) விசை அணைந்திருக்க வேண்டும். லேப்டாப் அமைப்பில் இதே வேலையை ஆர்க்கா விசையோடு யூ, ஐ, ஓ; ஜே, கே, எல்; எம், கமா, புள்ளி ஆகியவை செய்யும். இந்த ஒன்பதும் விரலுக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தமிழில் பேச வைப்பது எப்படி? குரல் ரோபோ மாதிரி இருக்கிறதே?

விருப்ப அமைப்புகளில் குரல் பகுதிக்குப் போய், பேச்சுப்பொறியாக ஈஸ்பீக் என்ஜியையும் மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலச் சொல் நடுவில் வந்தால் அதை ஆங்கில ஒலிப்பில் படிக்கும், எண்களைத் தமிழில் சொல்லும்.

ரோபோ மாதிரிதான் இருக்கும், மறுக்கவில்லை. ஈஸ்பீக் பதிவு செய்த மனிதக் குரலை ஒட்டித் தருவதில்லை, ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அதனால்தான் இத்தனை மொழிகளைச் சின்ன இடத்தில் அடக்கி, விசையைத் தட்டிய கணமே பேசுகிறது. கதை கேட்க அது லாயக்கில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் மூன்று பக்கக் கடிதத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டிப் படிக்க இதுதான் தோது. இனிமையான குரலை வேகமாக ஓட்டினால் சொற்கள் குழைந்துவிடும், ஈஸ்பீக் அப்படிக் குழைவதில்லை. என் அம்மா இதைத் தகரடப்பா என்பார். இப்போது தகரடப்பா இரண்டு நாள் பேசாவிட்டால் என்ன ஆயிற்று என்று அவரே கேட்கிறார்.

தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். என்ன செய்வது?

கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ இருப்பவருக்கு இந்தக் கேள்வி இத்தனை அவசரமாக வராது. நமக்குக் காலையில் தமிழ்ப் பாடம், மத்தியானம் மலையாளத்தில் ஒரு அரசாணை, சாயங்காலம் ஆங்கிலத்தில் வங்கிக் கடிதம்.

தமிழ்க் குரலிடம் மலையாளத்தைக் கொடுத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். நமக்கு ஒரே க. அவர்களுக்கு அதே இடத்தில் நான்கு எழுத்து. மலையாளத்துக்கு மலையாளக் குரல்தான் வேண்டும், அது ஈஸ்பீக்கிலேயே இருக்கிறது. ஆர்க்காவில் ப்ரொஃபைல் என்று ஒரு வசதி உண்டு. தமிழ்க் குரலோடு ஒன்று, மலையாளக் குரலோடு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று மூன்றை உருவாக்கிப் பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் வைக்கலாம். என் மலையாளம் காதில் கேட்டுப் பழகியதுதான், படித்ததில்லை. அதனால் அதை மட்டும் மெதுவாக வைத்திருக்கிறேன். ஒரு ப்ரொஃபைலிலிருந்து அடுத்ததற்குத் தாவும் கட்டளைக்கு விசை ஒதுக்கப்படாமல் இருக்கும். அமைப்புகளில் விசைகள் பகுதிக்குப் போய் நீங்களே ஒன்றை ஒதுக்கிக்கொண்டால் ஒரு தட்டில் மொழி மாறும்.

தமிழும் மலையாளமும் டைப் அடிக்க இரண்டு கீபோர்டைப் படிக்கணுமா?

வேண்டாம். இன்ஸ்கிரிப்ட் படியுங்கள். இந்திய மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே இட ஒதுக்கீடு அது. கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்குச் சொல்லித் தருவதும் அதைத்தான். க என்றால் கே விசை, எந்த மொழியானாலும். கீபோர்டில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்ன மேடு இருக்குமே, நம் விரலுக்கு அடையாளம் அதுதான். ஜே மேட்டில் ர, எஃப் மேட்டில் இகரத்தின் கொக்கி.

மரம் என்று அடித்துப் பாருங்கள். தமிழில் சி, ஜே, சி, டி (D). அதாவது ம, ர, ம, புள்ளி. மலையாளத்திலும் மரம் மரம்தான்: சி, ஜே, எக்ஸ். கடைசியில் மட்டும் ம் ஒலிக்கான அனுஸ்வாரம், அது எக்ஸ் விசையில் இருக்கிறது. ஒரே விரல், ஒரே இடம், இரண்டு மொழி.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் தமிழ்99 கீபோர்டு பழகியிருப்பார்கள். தமிழ் மட்டும் போதுமென்றால் அதுவே வேகம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் இரண்டும் உண்டு.

இணையத்தில் எப்படி உலாவுவது?

ஃபயர்ஃபாக்ஸ். பக்கம் திறந்ததும் கீழ்நோக்கு அம்பை அடித்துக்கொண்டே போகாதீர்கள், பொழுது விடிந்துவிடும். ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, பி (B) பொத்தான், இ (E) எழுதும் பெட்டி, டி (T) அட்டவணை. ஷிஃப்டோடு தட்டினால் பின்னோக்கிப் போகும். ஆல்ட், ஷிஃப்ட், ஹெச் அடித்தால் தலைப்புகள் மொத்தமும் பட்டியலாக வரும். எழுதும் பெட்டியில் ஹெச் என்று அடிக்கப் போய்த் தலைப்புக்குத் தாவுகிறது என்றால் ஆர்க்கா விசையோடு ஏ அடியுங்கள், உலாவும் நிலையிலிருந்து எழுதும் நிலைக்கு மாறும்.

ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தால் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்கிறது. என்ன பாஷை இது?

அது "தமிழ்" என்ற சொல்! பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆர்க்காவுக்குப் போர்வை தெரியாது. மலையாளத்தில் எம்எல் டிடி கார்த்திகா மாதிரி எழுத்துருவில் அடித்ததற்கும் இதே கதி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, எழுத்துருப் பெயரைச் சொல்லி, ஒட்டி, மாற்றிக்கொள்ளலாம். அனுப்பியவரிடம் யூனிகோடில் கேட்டு வாங்குவது அதைவிட நல்லது. நான் கூச்சப்படாமல் கேட்பேன்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஆர்க்கா ஒன்றுமே சொல்லாது, அது வெறும் படம். லியோஸ் என்ற மென்பொருளில் கொடுத்து எழுத்தாக மாற்றுங்கள். இதுவும் கேரளத்தில் பிறந்ததே. பின்னணியில் வேலை செய்யும் டெசராக்ட் தமிழ், மலையாளம் இரண்டையும் படிக்கும். சீல் குத்திய இடம், கையெழுத்து, மடிப்பு விழுந்த வரி இவற்றில் தப்பு வரும். பட்டா எண்ணையோ கணக்கு எண்ணையோ அதை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

லிப்ரே ஆபீஸ் ஒத்துழைக்குமா?

கடிதம் எழுதும் ரைட்டர் நன்றாகவே. ஆர்க்கா விசையோடு எஃப் அடித்தால் எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் சொல்லும், கடிதம் கண்ணுக்கும் லட்சணமாக இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும். கணக்கு அட்டவணை போடும் கால்க் பரவாயில்லை. பெரிய அட்டவணைகளில் கொஞ்சம் இழுக்கும்.

புதிய பதிப்பு வந்தால் உடனே மாறலாமா?

பரீட்சைக்கு முந்தின நாள் மாறாதீர்கள். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என்று போட்ட பதிப்பையே வையுங்கள், உபுண்டுவில் அது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் வரும். வந்து மூன்று நான்கு மாதம் மற்றவர்கள் அடிபடட்டும்.

பிரெயில் டிஸ்ப்ளே இருக்கிறது. திடீரென்று வேலை செய்யவில்லை.

பிஆர்எல் டிடிஒய் என்ற நிரல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் படிக்கப் புள்ளிகளை எழுப்பித் தரும் டிஸ்ப்ளேயோடு பேசுவது அதுதான். எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் லிப்லூயியில் தமிழ் பிரெயில் அட்டவணை இருக்கிறது, ஆர்க்காவின் பிரெயில் பகுதியில் தேர்ந்தெடுக்கலாம்.

இருக்கிறதா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. உபுண்டு 22.04-ல் ஒரு கோளாறு. ரோபோ மாதிரி மின்னணுச் செய்முறைகளுக்குப் பயன்படும் ஆர்டுயினோ பலகைகளில் விலை குறைந்தவற்றில் சிஹெச் 340 என்று ஒரு சில்லு இருக்கும். அதைச் செருகியதும் பிஆர்எல் டிடிஒய் அதைப் பிரெயில் டிஸ்ப்ளே என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும், ஆர்டுயினோ வேலை செய்யாது. தேடிப் பார்த்தால் "பிஆர்எல் டிடிஒய்யை நீக்கிவிடு" என்றுதான் இணையம் முழுக்கப் பதில். ஒரு கணினிக் கூடத்தில் ரோபோ செய்யும் பிள்ளைகளுக்காக ஆசிரியர் அப்படியே நீக்கியிருக்கிறார். மறுநாள் அங்கே படிக்கும் பார்வையற்ற பெண்ணின் டிஸ்ப்ளேயில் ஒரு புள்ளிகூட எழவில்லை. அந்தப் பெண் எனக்குப் போன் செய்தபோது டிஸ்ப்ளே ரிப்பேர் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மொத்தமாக நீக்கத் தேவையில்லை. அந்தச் சில்லைத் தொடாதே என்று பிஆர்எல் டிடிஒய்யின் யூடெவ் (செருகும் கருவிகளைக் கவனிக்கும் பகுதி) விதிக் கோப்பில் ஒரு வரியை முடக்கினால் இரண்டும் சேர்ந்து ஓடும். ஆசிரியரிடம் அதை விளக்கி நானே போனில் சொல்லச் சொல்லச் செய்ய வைத்தேன். "இது இங்கே எதற்கு இருக்கிறது என்றே தெரியாதுங்க" என்றார். நீங்கள் பயன்படுத்தும் கணினியை வேறு யாராவது பராமரிக்கிறார்கள் என்றால், இந்த நிரலின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி அந்த மானிட்டரிலேயே ஒட்டிவிடுங்கள்.